கோழிக் கடன்

படிவத்தில் கோழி வளர்ப்பு என்றுதான் இருக்கிறது.
வருத்தத்துக்கு லோன் குடுக்கமாட்டினமாம்.
ஐம்பது குஞ்சு, ஒரு கூடு, தீன் மூட்டை
என்று அந்தப் பெடியனே சொல்லிச் சொல்லி எழுதி
என் கையெழுத்தை வாங்கினான்.

காசு மாங்குளம் சந்தியால் திரும்பி
நேரே யாழ்ப்பாணம் போனது.
அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒருசதம் கேட்கவில்லை,
பொய் சொல்லக்கூடாது.
மிசின் பழுது, வெளியில் எடுத்து வாங்கோ
என்று ஒரு துண்டு தந்தார்கள், அவ்வளவுதான்.
அந்தத் துண்டு பிரைவேட்டில் ஒன்பது நாளாய் நீண்டது.
அவரின் முள்ளந்தண்டோடு
பத்துப் பதினைந்து வருசம் படுத்திருந்ததைக்
கிண்டி எடுத்துப் போத்தலில் போட்டுத் தந்தார்கள்.
ஒரு கச்சான் கொட்டை அளவு.

முதல் மாதம் நான் 'அக்கா'.
பிறகு 'நீங்கள்' தேய்ந்து 'நீர்' ஆனது.
இப்போது முற்றத்தில் மோட்டச்சைக்கிளை நிறுத்தாமலே
பேரைச் சொல்லிக் கத்துகிறான்
கட்டிலில் கிடக்கிறவருக்குக் கேட்கட்டும் என்று.
நாயும் அவனுக்குக் குரைப்பதை விட்டுவிட்டது.

குழுவில் ஐந்து பேர்.
ஒருத்தி கட்டாவிட்டால் நாலு பேரும் எழும்பேலாது.
போன புதன் இராசமலரின் தோடு
என் தவணைக்குப் போனது.
அவள் ஏசவில்லை.
பைப்படியில் என் குடத்துக்கு இடம் விடவில்லை.

இந்தப் புதன் வவுனியாவிலிருந்து
பெரியவர் ஒருவரும் வந்தார், சப்பாத்தோடு.
"கோழி எங்க? படம் எடுக்கவேணும்."
எழுதின பெடியன் தன் பெருவிரலைப் பார்த்தான்.
நான் போத்தலைத்தான் நினைத்தேன்,
கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைக்கலாமா என்று.
கால் அசையவில்லை.

அப்போது வேலிப் பொட்டுக்குள்ளால்
ஒரு சிவத்தப் பேடு வந்தது.
பின்னால் இன்னொன்று. சேவல். கொண்டை கிழிந்தது ஒன்று.
வேலிக்கு அங்கால் "ஷூ, ஷூ" என்று
இராசமலரின் குரல்.

"பதினொன்றுதானே நிக்குது?"
"மிச்சம் கீரி."
என் வாய்தான் சொன்னது.
அவர் படம் எடுத்தார். பெடியனும் எண்ணினான்,
இரண்டாந்தரமும் எண்ணினான், பாவம்.
வட்டியோடு அடுத்த புதன் என்றார்கள்.

பின்னேரம் கோழிகளைத் திருப்பிக் கலைத்தேன்.
சிவத்தப் பேடு மட்டும் போகவில்லை.
அவரின் கட்டிலுக்குக் கீழே
ஒரு முட்டை, இன்னும் சூட்டோடு.

வேலிக்கு மேலால் நீட்டினேன்.
இராசமலர் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:
"வச்சிரு. தோட்டுக் கணக்கில கழிப்பம்."

இரவு முழுக்க நாய்
கோழி நின்ற இடத்தை மோந்துகொண்டு திரிந்தது.