வரம்புத் தொகை

டிக்கெட் எடுத்தது ஆகஸ்டில்.
சாஸ்கடூன், டொராண்டோ, டெல்லி, மதுரை.
தை ஐந்தாம் நாள் அக்கா மகனுக்குக் கல்யாணம்.
"நீ வராம தாலி ஏறாது" என்றாள் அக்கா,
பந்தல்காரனிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள்.
பொரியை யார் பார்த்துக்கொள்வது என்று
கேட்கவில்லை. தென்காசியில்
நாய்க்கு ஏற்பாடு என்றால் அடுத்த வீட்டு மிச்சச் சோறு.

வார்மன் சாலையில் ஒரு விடுதி.
கேமரா உண்டு, தரைக்கடியில் வெப்பம் உண்டு.
ஓர் இரவு விட்டுப் பார்த்தேன்.
கைப்பேசித் திரையில் பொரி:
சுவரைப் பார்த்து உட்கார்ந்த வெள்ளைப் புள்ளி.
பசித்தால் தின்னும் என்றார்கள்.
விடிய விடிய அது தின்னவில்லை, நானும்தான்.

அப்புறம் ஒக்சானா.
கால்நடைக் கல்லூரி, இரண்டாம் ஆண்டு,
ஊசி போடத் தெரிந்த கை.
பூட்ஸைக் கழற்றியதும் நேரே தரையில் உட்கார்ந்தாள்.
பொரி அவள் சாக்ஸை மோந்து பார்த்து
பக்கத்தில் படுத்துக்கொண்டது.
நேர்முகத் தேர்வு முடிந்தது.

குளிர்பெட்டிக் கதவில் அவளுக்கு ஒரு தாள்:
இன்சுலின் காலை ஏழு, மாலை ஏழு, தின்ற பிறகே.
மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் நாலு காலுக்கும் காலணி;
பின் இடது காலைக் கடைசியில் போடு,
அந்தக் காலுக்குத்தான் கோபம் அதிகம்.
நடைபாதை உப்பை நக்க விடாதே.
தயிர் கேட்கும். ஒரு கரண்டி.
மறுபடி கேட்டால் நம்பாதே.

அதற்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதினேன்,
அடித்தேன், திரும்ப எழுதினேன்.
பதின்மூன்று வருஷமாய் இந்த வீட்டில்
முகம் பார்த்து நான் தமிழ் பேசியது
அதனிடம் மட்டும்தான்.

வா. இரு. போதும். சீ, கீழே போடு.
ஒக்சானா தன் பாட்டனார் எழுத்தில் குறித்துக்கொண்டாள்.
"போதூம்" என்று நீட்டினாள்.
பொரி ஒரு காதை ஆட்டி மன்னித்தது.

"வெளியே கிளம்பும்போது?"
போறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.
போயிட்டு வரேன்.
அது கேட்டால்தான் பாயில் போய்ப் படுக்கும்.
மூன்று வினையா என்று விரல்விட்டு எண்ணினாள்.
ஆமாம், அந்தக் கடைசி வினை இல்லாமல்
எங்கள் ஊரில் யாரும் செருப்பு மாட்டுவதில்லை.

மிச்சம் இருந்தது மருத்துவமனைப் படிவம்.
உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால்
எந்தத் தொகை வரை சிகிச்சை செய்யலாம்?
ஒரு டாலர் குறி. பிறகு ஒரு கோடு.
அதன் கீழே சின்னக் கட்டம்:
இதயம் நின்றால் மீட்க முயலவா, வேண்டாமா.

மொய் எவ்வளவு என்பதை ஒரு நொடியில் முடிவு செய்தவள் நான்.
இந்தக் கோட்டில்
இரண்டாயிரம் எழுதினேன். ஐயாயிரம் ஆக்கினேன்.
ஐந்தை ஏழாக்கும்போது தாள் கிழிந்தது.
கட்டத்தில் பேனா இறங்கவே இல்லை.

ஒக்சானா வாங்கிப் பார்த்தாள்.
காலிக் கட்டத்தையும் பார்த்தாள்.
மடித்து
இன்சுலின் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

விடிகாலை நாலரை.
டாக்ஸியின் புகை தெருவிளக்கு உயரத்துக்கு நிற்கிறது.
பெட்டிக்குள் பட்டுச்சேலை சுற்றிய ஆறு ஜாம் பாட்டில்,
இரண்டு உடையும் என்று தெரிந்தே வைத்தவை.
பொரி எழுந்து வந்து சக்கரத்தை மோந்தது.
"போயிட்டு" என்றேன்.
தொண்டை அங்கேயே நின்றது.

பாய்ப் பக்கம் திரும்பவில்லை அது.
தலையைச் சாய்த்து
மிச்சச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

மாடிப்படியிலிருந்து, பாதித் தூக்கத்தில்,
ஒக்சானா குரல் கொடுத்தாள்:
"வரேன்."

பொரி போய்ப் படுத்தது,
எங்கள் இருவரில் யாரை நம்பியோ.