சீழ்க்கை

அன்டோஃபகஸ்டாவில் மழை பெய்யாது.
அதனால் வேர்வையைத்தான் எண்ணுவோம்,
ஒரு கச்சேரிக்கு எத்தனை சட்டை என்று.

பகலில் நிபால்டோ
சுரங்க லாரிகளுக்கு டயர் மாற்றுவான்,
இரண்டாள் உயர டயர்.
இரவில் நொடிக்குப் பதினெட்டு சுரம்.
நான் எண்ணவில்லை. அவனே அளந்து
ஒத்திகை அறையின் கழிவறைச் சுவரில் எழுதியிருந்தான்:
மார்ச்சில் பதினாறு, ஜூனில் பதினேழரை,
ஆகஸ்டில் பதினெட்டு.
(அந்த அரைச் சுரம் எப்படி இருக்கும் என்று
யாஸ்னா கேட்டாள். இன்றுவரை பதிலில்லை.)

நான் பேஸ் கிட்டார்.
அவன் ஓடும்போதெல்லாம்
ஒரே தந்தியில் நின்றுகொண்டு
வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன்.

வேகத்தைப் பழிக்க மாட்டேன்.
டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து யாஸ்னா சொல்வாள்:
கோபம் நடந்து போய்ப் பார்த்திருக்கிறாயா?
உண்மைதான். சில இரவுகளில்
மழை பார்க்காத ஊரின் தகரக் கூரைமேல்
ஆலங்கட்டி கொட்டும். பல் கூசும்.
மற்ற இரவுகளில்
வங்கியில் நோட்டு எண்ணும் இயந்திரம்.

அன்று துறைமுகக் கிடங்கில் நூற்றிருபது பேர்.
கடைசிப் பாட்டில் விரல் மரத்துப்போய்
அடுத்த பாய்ச்சலுக்கு மூச்சு வாங்க
நான்கு சுரம் இழுத்தான்.
நான்காவதை வளைத்தான்,
எட்டவேண்டிய இடத்துக்கு மயிரிழை கீழேயே
விட்டுவிட்டு ஓடினான்.

இரண்டு மணிக்கு ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.
எம்பனாடா விற்கும் தோன் எலெயுதேரியோ
எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தபடி
சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தார்.
அந்த நான்கு.
அதிலும் மூன்றாவது தப்பு.

"அது அப்படியில்லை" என்று தொடங்கியவன்
ஆம்ப்பை இறக்கி வைத்தான்.
"மற்றதெல்லாம்?"
"எது மற்றது?
ஈர மீனை எண்ணெயில் போட்ட மாதிரி ஒரு சத்தம், அதுவா?
அதுவும் நன்றாகத்தான் இருந்தது."

ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை,
சீழ்க்கையடித்தது நான் என்பதுபோல.

கலாமாவில் அடுத்த கச்சேரி.
அந்த இடம் வந்தது. நான்கு சுரம் இழுத்தான்,
மூன்றாவதைத் தப்பாக,
அவர் அடித்த அதே தப்பாக.
நான்காவதை வளைத்து
வளைத்தபடியே நின்றான்.
யாஸ்னாவின் குச்சி அந்தரத்தில்.
என் அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று
எனக்குத் தெரியவில்லை.
அப்புறம் பதினெட்டும் வந்தது, அல்லது பதினைந்து.
முதல் முறையாக அது
எதையோ விட்டு ஓடுவதுபோல் கேட்டது.

கழிவறைச் சுவரில் செப்டம்பர் என்று எழுதியிருக்கிறான்.
பக்கத்தில் எண் இல்லை.