இருநூற்றுப் பன்னிரண்டு முறை

டெல்பினின் இணைப்பு
ஒரு செவ்வாய் இரவு வந்தது.
கூடவே ஒரு வரி:
"மூணாவது பாட்டு. பேசாத. கேளு."

கருங்கல் சந்தைக்கு எதிரே
டயர்க்கடை மாடியில்
என் வாடகை அறை.
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன்.
பெண்குரல், ஒரு கிட்டார்,
அதற்கும் பின்னால் யாரும் துடைக்காமல் விட்ட
வள்ளத்து எஞ்சின் சத்தம்.
கடலைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.
கரண்ட் பில்லைப் பற்றிய பாட்டு.
முதல் சரணத்தில்
மீட்டர் பெட்டியோடு அவள் வழக்காடும்போது
சிரிப்பு வந்தது.
அடுத்ததில் வரவில்லை.

மறுநாள் மார்த்தாண்டம் பஸ்ஸில்
ரெஜிலாவின் இடது காதுக்கு ஒரு முனை,
என் வலது காதுக்கு ஒன்று.
பள்ளியாடி வளைவில் வயர் இழுபட்டு
அவள் தலை என் தலையில் முட்டியது.
"வலிக்குதா?" என்றேன்.
"சும்மா இரு, முடியட்டு."

அவள் குவைத்திலிருக்கும் அண்ணனுக்கு அனுப்பினாள்.
அந்த அறையில் ஆறு பேர்.
ஐந்து பேர் நம்மூர், ஒருவர் எகிப்து.
எகிப்துக்காரருக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனதாம்.

டிசம்பரில் செயலி
பலூன் பறக்கவிட்டு என்னை வாழ்த்தியது:
இந்த ஆண்டு இந்தப் பாட்டை
இருநூற்றுப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறேனாம்.
பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினேன்.
டெல்பின் மட்டும் பதிலுக்கு ஒரு கணக்கு அனுப்பினான்.
பாடியவள் மெர்சிட்டா,
இனயத்தில் ஐஸ் பிளான்டில் கணக்கெழுதுகிறாள்,
மீன் ஏற்ற வண்டியோடு போனபோது
அவளிடமே கேட்டானாம்.
"ஒரு தடவைக்கு அஞ்சு பைசா வருமாக்கும்,
சில மாசம் அதுவும் இல்ல."

பத்து ரூபாய் அறுபது பைசா.
பஸ் ஸ்டாண்டில் ஒரு பழம்பொரி
பன்னிரண்டு ரூபாய்.
ஒரு வருடம் அவள் குரலுக்குள் குடியிருந்துவிட்டு
ஒரு பழம்பொரிக்கு
ஒன்று நாற்பது குறைவாகக் கொடுத்திருக்கிறேன்.

நம்பர் வாங்கி ஐந்நூறு அனுப்பினேன்.
குறிப்பில் '212' என்று மட்டும்.
பத்து நிமிடத்தில் அழைப்பு.
"யாரு? பைசா தெரியாம வந்திருக்கு,
திருப்பி அனுப்பட்டா?"
"தெரிஞ்சுதான்க்கா. கேட்டதுக்கு."
அந்தப் பக்கம்
ஐஸ் கட்டி இயந்திரத்துக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது.
"மூணாவதா?"
"ஆமா."
"ரெண்டாவது சரணத்துல சுதி வெலகும், கவனிச்சியா?"
"இல்லக்கா."
"இனி கவனிப்ப."

கவனிக்கிறேன்.
இப்போது அந்த இடம் வருவதற்காகவே கேட்கிறேன்.

பிப்ரவரியில் டயர்க்கடை வின்சிலாஸ் அண்ணன்
மொட்டைமாடியைத் தந்தார்.
நாற்பது பேரை எதிர்பார்த்தோம்.
பொழுது சாயும்போது மழை தூறியதில்
பதினான்கு பேர் வந்தார்கள்,
பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தார்கள்.
படியோரம் ஒரு கிரீஸ் டப்பா.
யாரோ அதனருகில்
ஒரு சீப்பு மட்டிப்பழமும் வைத்திருந்தார்கள்.
எஞ்சின் இல்லாமல்
அந்தப் பாட்டு கொஞ்சம் நிர்வாணமாக இருந்தது.
என் பக்கத்தில் இருந்தவன்
பாதியில் எழுந்து போனான், திரும்பவில்லை.

கடைசியில் அவள் ஒரு புதுப் பாட்டு பாடினாள்.
"இது இன்னும் எங்கயும் போடல,
போனை உள்ள வையுங்க."
வைத்தோம்.
அதைப் பற்றி எப்படிச் சொல்வது?
ஒரு கிளாஸ் சாயா ஆறிப்போவது,
அவ்வளவுதான் பாட்டு.

டப்பாவில் மூவாயிரத்து எண்ணூற்று எழுபது.
கணக்கெழுதுகிறவள் அல்லவா,
இரண்டு முறை எண்ணி
ஐஸ் பிளான்ட் ரசீதின் பின்பக்கம்
கையெழுத்திட்டுத் தந்தாள்.
மட்டிப்பழத்தையும் எழுதியிருந்தாள்.

அன்றிரவு குவைத்திலிருந்து
"புதுசு ஒண்ணு பாடினாளாமே, அனுப்பு."
அனுப்ப ஒன்றுமில்லை.
ரெஜிலா போனை வாய்க்கருகில் பிடித்து
ஞாபகத்திலிருந்து பாடிக் காட்டினாள்,
மெட்டைப் பாதியில் தொலைத்து,
தானே ஒன்றைப் போட்டு ஒட்டி.

குவைத்தில் ஆறு பேரும்
அந்தத் தப்பைத்தான்
இப்போது பாடிக்கொண்டிருக்கிறார்கள்.