புகைத் தேர்வு

ரொஹேலியோ ரப்பர் சுத்தியலால்
இரண்டு தட்டுத் தட்டினான்.
காரின் வயிற்றுக்குள்
சில்லறை குலுங்கியது.

"தேன்கூடு நொறுங்கிவிட்டது, நெக்கானே.
இனி இது வெறும் டப்பா."

பேக்கர்ஸ்ஃபீல்டில் ஜூலை.
நிழலிலேயே நூற்றெட்டு டிகிரி.
லிஃப்டில் தொங்குகிறது
என் தொண்ணூற்றொன்றாம் வருடத்து எம்.ஆர்.டூ:
இரண்டே இருக்கை,
முதுகுக்குப் பின்னால் எஞ்சின்,
எழுந்து திறக்கும் விளக்குகளில் ஒன்று மூட மறுத்து
ஊரையே பார்த்துக் கண்ணடிக்கும்.

பரிசோதனைத் தாளில் கொட்டை எழுத்தில்: தோல்வி.
பள்ளிக்கூடத்தில்கூட
இவ்வளவு கறுப்பாக யாரும்
எனக்கு அச்சடித்துத் தந்ததில்லை.

கலிஃபோர்னியா முத்திரை குத்தியது
ஆயிரத்து நானூற்று ஐம்பது டாலர்.
ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

முத்திரை இல்லாதது இருநூற்றுப் பத்து.
பார்வைக்கு அச்சு அசல் அதேதான்.
உள்ளே பிளாட்டினம்
பெருங்காயம் இருந்த டப்பாவில்
வாசனை இருக்கிற அளவு.

எல்கோவில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும்
ஒன்றுவிட்ட அண்ணன் பெனாட் சொல்கிறான்:
"எதற்கு அதெல்லாம்?
நெவாடாவுக்கு ஓட்டிக்கொண்டு வா,
வெறும் குழாயைப் பற்றவைத்துத் தருகிறேன்.
புகைத் தேர்வு வந்தால்
யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிக்கொள்."
கூடவே அவன் வண்டியின் உறுமலைப்
பதிவு செய்து அனுப்பினான்.

பிஸ்தா ஆலையில் இரவு ஷிஃப்ட்.
தோல் உரியும் பருப்புகள் பெல்ட்டில் ஓட ஓட
ஓவர்டைம் மணிகளை டாலராக மாற்றிப் பார்த்தேன்.
மாறிக்கொண்டே இருந்தன,
போதவில்லை.

விடியலில் வெளியே வந்தால்
மலையைக் காணோம்.
மூன்று பக்கமும் மலை என்று வரைபடம் சொல்கிறது;
மழை பெய்த மறுநாள்தான் நம்ப முடிகிறது.
இந்தப் பள்ளத்தாக்கு
கழுவி வைக்காத சட்டி.
நேற்று விட்ட மூச்சைத்தான்
இன்றைக்கும் இழுக்கிறோம்.

உடனே நான் நல்லவளாகிவிட்டேன் என்று
எண்ண வேண்டாம்.
பஸ் வருவதற்குள்
பெனாட்டின் உறுமலை
ஏழு முறை கேட்டேன்.

வினையூக்கி:
தான் மாறாமல் பிறவற்றை மாற்றுவது.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி.
அப்படியென்றால் இது எப்படிச் செத்தது?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான் ரொஹேலியோ.
கறுப்பு. பிசுபிசுப்பு.
"இது தானாகச் சாகாது,
யாராவது கொல்ல வேண்டும்.
உன் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது.
தீப்பொறி தவறித் தவறி
எரியாத பெட்ரோல் இங்கே வந்து எரிந்திருக்கிறது.
ஆயிரத்து நானூறைப் போடு, இருநூறைப் போடு,
வருடம் திரும்புமுன்
இதே சில்லறைதான் குலுங்கும்."

எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும்
டிக்கியிலிருந்து அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுவேன்.
அதை நோய் என்று யார் நினைத்தார்கள்,
பழக்கம் என்றுதான் இருந்தேன்.
மூன்று வாரம் எதை வாங்குவது என்று குழம்பியவள்
எது கெட்டது என்று
ஒருநாளும் கேட்கவில்லை.

முதலில் வால்வு சீல்கள். முந்நூற்று எண்பது.
கூலி தனி, தவணையில் தரலாம்.
முத்திரை குத்தியதற்கு
முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டேன்.
நொறுங்கிய பழையதைக்
காயலான் கடைக்காரன் தராசில் வைத்து
நூற்று அறுபது எண்ணினான்.
செத்தும் கொடுத்தது.

அக்டோபர் வரை பஸ்தான்.
கராஜில் கட்டைகள்மேல் நிற்கிறது வண்டி,
வயிற்றில் ஒரு முழ இடைவெளியோடு.
அந்த விளக்கு இன்னும் மூடவில்லை.
அதற்கு இந்த மாதம் காசில்லை,
கண்ணடித்துக்கொண்டு கிடக்கட்டும்.