புள்ளி வைக்கிற வேலை

சாப்பாட்டு மேசையில் பாதி குணாளனுக்கு, பாதி எனக்கு.
அவன் பக்கம் ஞாயிறு வகுப்பின் பதினோரு நோட்டுகள்,
ஒரு சிவப்புப் பேனா.
என் பக்கம் பழைய துண்டை விரித்து
அதன்மேல் பிஸ்டல்.
தோட்டாக்கள் அடுத்த அறையில்.
துப்பாக்கியின் அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காலி.
திரும்பப் பார்த்தேன். காலி.
தலை தூக்காமலே, "மூணாவது தடவையும் பார்த்துடு" என்றான்.
பார்த்தேன்.

நாற்பத்தேழு வயதில் கண் செய்த வேலை இது.
பின்குறி, முன்குறி, இலக்கு
மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்;
ஒன்றைத்தான் தெளிவாய்த் தருவேன் என்கிறது கண்,
எதை என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.
போன மாதம் கிளப் போட்டியில்
ஆறு இரும்புத் தட்டில் இரண்டு விழுந்தது எனக்கு.
இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டு நாலு மாதமான லொரீனுக்கு ஆறும்.
அவள் துப்பாக்கியின் முதுகில் சின்னதாய் ஒரு கண்ணாடி ஜன்னல்.
"ஒரே புள்ளி, ஹனி. அதை வை, அழுத்து."

ஸ்லைடைக் கழற்றி, மேல்மூடியைத் திறந்து,
ஊசி போடுமுன் துடைப்பதுபோல்
ஸ்பிரிட்டால் எண்ணெயைத் துடைத்தேன்.
தகடு. தகட்டின்மேல் சைட்.
இரண்டே திருகாணிகள், அரிசி நீளம்.
நீளமானதைப் போட்டால் உள்ளே போய் இடிக்குமாம்;
குட்டையானதைத் தேடி எடுத்தேன்.
மரையில் நீலப் பசை ஒரு துளி.
டார்க் சாவியைப் பதினைந்தில் வைத்துத் திருகினால்
'டிக்'.
இன்னும் ஒரு பிடி பிடி என்றது கை.
கை எப்போதும் அப்படித்தான் சொல்லும்.
விட்டுவிட்டேன்.

திருகாணித் தலையையும் உடம்பையும் சேர்த்து
நகப்பூச்சால் ஒரு கோடு.
கோடு விலகினால் தளர்ந்துவிட்டதென்று தெரியும்.
இந்த வீட்டில் வேறெதற்கும்
நாங்கள் அப்படி ஒரு கோடு போட்டு வைக்கவில்லை.

ஸ்லைடைப் பூட்டி, பித்தானை அழுத்தினேன்.
புள்ளி கேட்டேன், காற்புள்ளி வந்தது,
வாலும் சிதறலுமாய்.
பெட்டியில் வந்த தாளைப் படித்தால்:
கோளாறு கருவியில் இல்லை, கருவிழியில்.
மூக்குக்கண்ணாடியை மாட்டினேன்; வால் உதிர்ந்தது.
சுவரில் ஓர் ஆணித் தலைமேல் வைத்தேன்.
சுவரில் ஒன்றுமில்லை.
அந்தச் சிவப்பு எனக்கு மட்டும்தான்.

"இதப் பாரு" என்றான் குணாளன்.
ஆதிரா என்கிற பிள்ளை எழுதியிருந்தது:
அமமா.
நடு எழுத்தின் தலையில் சிவப்பாய் ஒன்று வைத்தான்.
"எல்லாத்துக்கும் இதே தப்பு. புள்ளியே வைக்கிறதில்ல."
"வச்சா என்ன ஆகும்?"
"உயிர் போயிடும். மெய் மட்டும் நிக்கும்."
இலக்கணம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு
அடுத்த நோட்டை எடுத்தான்.

நாலாவது தடவையும் அறையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காற்று ஆளைத் தள்ளியது.
ப்ரோக்கன் ஆரோ எங்கள் ஊர், ஒக்லஹோமாவில்.
முறிந்த அம்பு என்று ஓர் ஊருக்குப் பெயர்,
அங்கே நான் குறி சரிபார்க்கிறேன்.
வட்டத் தாள் தீர்ந்துவிட்டது என்றான் கவுண்டரில் இருந்த பையன்,
ஆள் வடிவம் ஒன்றை நீட்டினான்.
சாம்பல் நிறம், தோள் உண்டு, முகம் இல்லை.
திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில்
தடித்த பேனாவால் எழுதினேன்:
அமமா.

பதினைந்து யார்டு.
மூன்று குண்டும் இடதில், கீழே, அகரத்தின் வயிற்றில்.
வலதுக்கு நாலு சொடுக்கு, மேலே ஆறு.
மறுபடி மூன்று.
இன்னும் இரண்டு சொடுக்கு.
பிறகு விழுந்தது,
விழ வேண்டிய தலைக்கு மேலே,
ஒன்றுக்குள் ஒன்றாய், ஒரே துளை.

லொரீன் தொலைநோக்கியை இறக்கினாள்.
"என்ன எழுதியிருக்கு அதில்?"
"மாம்."
"ஐயோ" என்று சிரித்தாள். "மேலே சுட்டியே?"
அங்கேதான் சுட வேண்டும்,
அப்போதுதான் அது எழுத்து
என்று சொல்ல ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.
துளை வழியே பின்னாலிருந்த செம்மண் மேடு தெரிந்தது.

தாளை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.
வீட்டில் கேட்டான்,
"சரியா இருக்கா?"
"இருக்கு" என்றேன்.
கோடு விலகவில்லை.