இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை

ஆவணியில் ஐந்து நாள் லீவு.
ஆரபிக்குப் பத்தொன்பது மாதம்.
கடலுக்குப் போவதென்று உடனே முடிவாயிற்று,
எந்தக் கடல் என்பதில்தான்
மூன்று இரவு போயிற்று.

வெள்ளவத்தை. நாலாம் மாடி.
கீழ்வீட்டுக்கு வாடகை குறைவென்று
தரகர் எவ்வளவோ சொல்லியும்
துஷ்யந்தன் கேட்டு வாங்கிய மாடி.
ரயில் பாதைக்கு அப்பால்
ஒரு கடல் இருக்கத்தான் செய்கிறது.
அது பார்க்கிற கடல்,
பிள்ளையை இறக்கி விடுகிற கடலல்ல.
அவளும் அதைச் சட்டை செய்வதில்லை.
பல்கனிக் கம்பியைப் பிடித்து
ரயிலுக்குக் கை காட்டுவாள்,
கடைசிப் பெட்டி போனதும்
படம் முடிந்ததென்று உள்ளே வந்துவிடுவாள்.

பென்தோட்டை, என்றேன்.
சோளகத்தில் தெற்குக் கடல் பொல்லாதது, என்றான்,
சிவப்புக் கொடி இறங்காது.
நீர்கொழும்பு கிட்ட,
ஒரு தரம்தான் சத்தி எடுப்பாள்.
அங்கேயும் சோளகம்தான்,
தண்ணீர் வேறு தேத்தண்ணி நிறம்.
உனவட்டுனவில் ஒரு விடுதி:
கட்டிலுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவே
ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான்.
சொர்க்கம் என்று எழுதியிருந்தார்கள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெற்ற பிறகு
இப்படித்தான் படம் பார்க்கிறேன்.
முதலில் மேசை முனை,
பிறகு பிளக் ஓட்டை, வழுக்கும் தரை,
நேரம் இருந்தால் சூரிய அஸ்தமனம்.

கொப்பியில் எழுதினேன்:
கீழ்த்தள அறை. படி கூடவே கூடாது.
குழைத்த சோறு கேட்டால் முகம் சுளிக்காத குசினி.
அரை மணிக்குள் ஆஸ்பத்திரி.
மத்தியான நித்திரைக்கு இருட்டுத் திரைச்சீலை.
முழங்காலளவு தண்ணீர்.
ஆருடைய முழங்கால் என்று
அவன் கேட்டான், சிரித்தோம்.

பிறகு வரைபடத்தில் அவன் விரல்
கிழக்குக் கரைக்குப் போனது.
நிலாவெளியில் கொஞ்சம் நின்று
கீழே வந்து
கல்குடாவுக்குக் கிட்டே
அடுப்பில் பட்டது போல் எழும்பி
அறுகம்பேயில் போய் இறங்கியது.
அலைச்சறுக்குக்காரர் நடுவே
பிள்ளைக்கு என்ன வேலை என்று
நான் கேட்கவில்லை.
ஆறு வருஷமாய் அந்த விரலை எனக்குத் தெரியும்.
அவன் தங்கையின் பெயர் எங்கள் வீட்டில்
ஒரு வளர்ச்சி அட்டையில் மட்டும் இருக்கிறது.
கடைசி ஊசி, மூன்று வயதில்.

நாலாம் இரவு,
பிள்ளை நித்திரையான பிறகு,
பால் போத்தல் கழுவிக்கொண்டே
முகம் திருப்பாமல் சொன்னான்:
"பாசிக்குடாவில கன தூரம் நடக்கலாம்.
தண்ணி இடுப்புக்கும் வராது.
ஆவணியில குளம் மாதிரி.
புள்ளையளுக்கு அதைவிட நல்ல கடல் இல்ல."

புள்ளையள் என்றான்.
கொழும்பில் அவன்
பிள்ளை என்றே சொல்லிப் பழகியவன்.

"எங்களையும் அங்கதான் கூட்டிப் போறவங்க."

கழுவிய போத்தலை
இன்னொரு தரம் கழுவினான்.

திரையில் கட்டம் கட்டமாய் நிரப்பினோம்.
பெரியவர், இரண்டு.
பிள்ளை, ஒன்று. வயது, ஒன்று.
தோட்டம் பார்த்த அறையா, கடல் பார்த்த அறையா?
கடல், என்றான்.
எந்தத் தளம்?
கீழ்த்தளத்தில் இருந்த என் விரலை
மெல்லத் தூக்கி
இரண்டாம் மாடியில் வைத்தான்.

படியைப் பற்றி நான் கதைக்கவில்லை.
கொப்பியில் முதல் வரியை வெட்டிவிட்டு
அடியில் எழுதினேன்:
குசினி வாசலில் பூட்டியிருக்கும்
பிள்ளைத் தடுப்புக் கதவைக்
கழற்றிக் காரில் ஏற்ற வேண்டும்.
சத்திப் பை, பத்தாவது.
திருப்புளியை மறக்கக் கூடாது.