இறக்கத்தில் நான்கு சதவீதம்

விர்ஷிச் கணவாயின் உச்சியில்
ஞாயிறு பத்தரை மணிக்கு
எங்கள் வண்டிகள் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருக்கும்.
சூடான இரும்பு சுருங்கும் சத்தம்.
அதைக் கேட்டபடி காப்பி குடிக்கத்தான்
ஐம்பது கொண்டை ஊசி வளைவுகளும்.

யெர்னெயின் புது வண்டி மட்டும் ஆறவில்லை.
ஆறுவதற்கு அதில் எதுவும் கொதிக்கவில்லை.
"ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறான்" என்றான் போஷ்ட்யான்.
"ஃபிரிட்ஜாவது ராத்திரியில் உறுமும்" என்றேன்.
யெர்னெய் சிரித்தான்,
பற்களால் மட்டும்.

காகித நாப்கினில் கணக்குப் போட்டோம்.
லுப்லியானாவில் நூறு, இங்கே முப்பத்தொன்று.
வீடு திரும்பப் போதாது.
கீழே க்ரான்ஸ்கா கோராவில் சார்ஜர் உண்டு,
அதன் முன்னால் எந்நேரமும்
யாரோ ஒரு ஜெர்மன்காரரின் கார் தூங்கும்.
எங்கள் பக்கக் கணக்கில்
வால்வு சரிசெய்யப் போன இரண்டு சனிக்கிழமைகளையும்
ஆயில் குடித்த கேரேஜ் தரையையும்
போஷ்ட்யான் எழுதவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு வழக்கம்போல் சத்தத்துக்கு வந்தோம்.
சத்தமில்லாத வண்டி உப்பில்லாப் பண்டம் என்றேன்.
போஷ்ட்யான் கண்ணை மூடிக்கொண்டு
தன் இரண்டு சிலிண்டரையும் வாயாலேயே ஓட்டிக்காட்டினான்,
மூன்றாம் கியர் வரை.
பக்கத்து மேசைக் குழந்தை வீறிட்டது.

அப்போதுதான் ததேயாவைக் கவனித்தேன்.
ஆறு வயதில் ஒரு காய்ச்சல்
அவள் காதுகளை எடுத்துக்கொண்டு போனது.
பதினெட்டு வருடமாக எங்களோடு ஓட்டுகிறாள்.
நாங்கள் சத்தம் பற்றிப் பேசும்போதெல்லாம்
சர்க்கரைப் பொட்டலத்தை மடிப்பாள்,
எட்டாக, பதினாறாக.
இன்று மடிக்காமல் கையை நீட்டினாள்.
யெர்னெய் சாவியைக் கொடுத்தான்.

வடக்குச் சரிவில் இறங்கினாள்.
யார் இறங்கினாலும்
எந்த வளைவில் இருக்கிறார்கள் என்று
உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவோம்.
மூன்றாவது வளைவில்
காதுள்ள நான்கு பேரும் அவளைத் தொலைத்துவிட்டோம்.
க்ளேமென் எழுந்து போய்ச் சுவரோரம் நின்றான்.
அவன் அவள் கணவன்.
யாரும் எதுவும் பேசவில்லை, காப்பி ஆறியது.

நாற்பது நிமிடம் கழித்து வந்தாள்.
சாலை நடுவே செம்மறிகள்,
பக்கத்தில் போய் நின்ற பிறகும்
மென்றுகொண்டே இருந்தனவாம்.
அவள் விரல்கள் சொல்வதில் பாதிதான் எனக்குப் புரியும்.
மீதியை நாப்கினில்,
எங்கள் கணக்குக்குக் கீழே எழுதினாள்:

'வளைவுக்கு வளைவு கல் வேறு.
இரண்டு இடத்தில் பாவியவன் அவசரப்பட்டிருக்கிறான்.
என் வண்டி தொடைக்குள் ஓயாமல் பேசும்.
அதைத்தான் இத்தனை நாளும்
சாலை என்று நினைத்திருந்தேன்.'

இன்னொரு வரியும் இருந்தது:
'இறங்கும்போது பேட்டரி நான்கு சதவீதம் ஏறியது.'

போஷ்ட்யான் அதை இரண்டு தடவை படித்தான்.
முப்பது வருடமாக இறங்குகிறான்.
இந்த மலை அவன் டாங்கில்
ஒரு சொட்டுப் பெட்ரோலைத் திருப்பி ஊற்றியதில்லை.
யெர்னெய் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தான்.
திரும்ப ஏறி வந்ததில் இப்போது பத்தொன்பது.

"அப்படியானால் வாங்குவாயா?"
உதடு நன்றாகத் தெரியும்படி கேட்டேன்.
தலையசைத்தாள், இல்லை.
தன் பழைய சிவப்பு வண்டியின் டாங்கில்
காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தாள்.
ஒரு கையால் எழுதினாள்:
'தனியாகப் போகிறபோது பேச ஆள் வேண்டும்.'
கொஞ்சம் யோசித்து,
'ஆனால் இரண்டு இருந்தால் நல்லது.'
க்ளேமென் வானத்தைப் பார்த்தான்.

திரும்பும்போது நான்
எல்லோருக்கும் கடைசியில் வந்தேன்.
யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்,
நேரான ஒரு துண்டில் என்ஜினை அணைத்தேன்.
ஆட்டு மணி கேட்கும் என்று நினைத்தேன்,
காற்றாவது.
கேட்டது என் சங்கிலி.
எண்ணெய் கேட்டு முனகிக்கொண்டிருந்தது,
எத்தனை நாளாகவோ.